எழுத்து ஒன்று, சொல் வேறு

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரே எழுத்துகளில் எழுதப்பட்டும் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத சொற்கள். எழுதினால் ஒன்று, பிறப்பால் வேறு. ஒலித்தால் ஒன்று, வந்த வழி வேறு. இத்தகைய சொற்களைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கெடிலத்திலிருந்து கொள்ளிடம் வரை உள்ள நம்முடைய இந்த மண்ணே போதும். ஊர்ப்பெயர்ப் பலகையிலும் மீன் ஏலக்கூடத்திலும் தறிக்கூடத்திலும் அவை நம்மோடு வாழ்கின்றன.

முதலில் திருப்பாதிரிப்புலியூருக்குப் போவோம். கடலூரின் இதயம் போன்ற பகுதி. அங்கே பாடலீசுவரர் கோயில். அந்தக் கோயிலின் தலமரம் எது? பாதிரி. குழல் வடிவப் பூப்பூக்கும் பழந்தமிழ் மரம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன மலர்களுள் பாதிரியும் ஒன்று. அதே அடுக்கில் தில்லை மலரும் இருக்கிறது என்பதைச் சிதம்பரத்துக்காரர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பாதிரிப்பூ கிடந்த புதுப்பானை தன்னிடம் ஊற்றிய தண்ணீருக்கும் அந்த மணத்தைக் கொடுக்கும் என்பதை நாலடியார் ஓர் உவமையாகவே கையாள்கிறது. அத்தனை பழக்கமான மரம்.

இந்த மரத்துக்கு வடமொழியில் பாடலி என்று பெயர். ஆகவே பாதிரிப்புலியூரைப் பாடலிபுத்திரம் என்றும் அழைத்தார்கள். கங்கைக் கரையில் மௌரியர் ஆண்ட பாடலிபுத்திரம் ஒன்று, நம் கெடிலக் கரையில் ஒன்று! நம் பாடலியில் பெரிய சமணப் பள்ளி இருந்தது. சர்வநந்தி என்னும் சமண முனிவர் 'லோகவிபாகம்' என்ற நூலைக் காஞ்சிப் பல்லவன் சிம்மவர்மனின் காலத்தில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல் பாடலியில் முடித்தார். பல்லவர் காலக் கணிப்புக்கு இன்றும் ஆய்வாளர்கள் பிடித்துக்கொள்ளும் திடமான ஆண்டுகளில் அது ஒன்று. அப்பர் எனப்படும் திருநாவுக்கரசர் சமணத் துறவி தருமசேனராக இருந்ததும் இந்தப் பாடலிப் பள்ளியில்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அவர் கரையேறிய இடம் கரையேறவிட்ட குப்பம் என்று இன்றும் ஊர்ப்பெயராக நிற்கிறது.

இத்தனை வரலாறும் ஒரு மரத்தின் பெயரைச் சுற்றி. சரி, இப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அழைத்து, "தம்பி, பாதிரி என்றால் யார்?" என்று கேளுங்கள். மரம் என்று சொல்வானா? மாட்டான். "கிறித்துவக் கோயிலில் பூசை வைப்பவர், ஐயா" என்பான். அவன் சொல்வதும் சரிதான். அந்தப் பாதிரி போர்ச்சுக்கீசியரின் 'பாத்ரே'. தந்தை என்பது அதன் பொருள். இலத்தீனின் 'பாதெர்' அதற்கு மூலம். கப்பலேறி வந்து, 'ஆர்' விகுதி பெற்றுப் பாதிரியார் ஆகி, தமிழ் வீட்டுப் பிள்ளையாகவே மாறிவிட்ட சொல்.

வியப்பைப் பாருங்கள். சுவீடன் நாட்டில் பிறந்த கீர்நாண்டர் என்னும் பாதிரியார் 1740இல் சமயப்பணிக்காகக் கடலூருக்கு வந்தார். 1758இல் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடித்தபின் கல்கத்தாவுக்குப் போனார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள், பாதிரிப்புலியூருக்கு அருகிலேயே ஒரு பாதிரியார்! மரத்தின் பெயர் மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் வேரூன்றியது. மனிதரின் பெயர் அலைகடல் தாண்டி வந்தது. பா, தி, ரி என்று மூன்றே எழுத்தில் இரண்டும் ஒன்றாயின. பாதிரியார்கள் வாழ்ந்ததால் பாதிரிப்புலியூர் என்று பெயர் வந்தது என்று ஒருவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பாத்ரே தமிழகக் கரையை எட்டுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அப்பர் இந்த ஊரைப் பாடிவிட்டார்.

அடுத்து, குண்டு. குண்டு உப்பலவாடி, குண்டுசாலை என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் கடலூர்க்காரர்கள். 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். எல்லை எப்படி வகுத்தார்கள் தெரியுமா? பீரங்கியை வெடிப்பது, குண்டு விழும் தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்! அளவுகோல் கிடையாது, சங்கிலி கிடையாது, ஊராரின் சம்மதமும் கிடையாது. வெடிமருந்தே பட்டா எழுதியது. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் விழுந்தது. பின்னாளில் ராபர்ட் கிளைவ் ஆளுநராக இருந்த புனித டேவிட் கோட்டை அதுதான்.

அந்தக் குண்டு உருண்டையானது. ஆனால் மழை பெய்தபின் நம் சாலைகளைப் பற்றி என்ன சொல்கிறோம்? குண்டும் குழியுமாக இருக்கிறது என்கிறோம். இந்தக் குண்டு எது? மேடு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பழந்தமிழில் குண்டு என்றால் ஆழம், பள்ளம். ஆழமான அகழியைக் குண்டகழி என்பது சங்க வழக்கு. குழியும் பள்ளம், குண்டும் பள்ளம். வீடு வாசல் என்பதுபோல, ஒரே இனப் பொருளை இரட்டித்துச் சொன்ன தொடர் அது. உருண்டு திரண்ட குண்டும் தாழ்ந்து குழிந்த குண்டும் ஒரே எழுத்தில்! பொருளோ நேர் எதிர்.

இதற்கெல்லாம் நம் முன்னோர் இலக்கணம் செய்யாமல் விட்டார்களா? விடவில்லை. தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே பலபொருள் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, வினையால் பொருள் தெளிவாவது, வினையாலும் தெளிவாகாதது என்று இரண்டாகப் பகுத்துவிட்டார். மா பூத்தது என்றால் மரம். மா கனைத்தது என்றால் குதிரை. மா விழுந்தது என்றால்? மரமும் விழும், குதிரையும் விழும். அங்கே பேசுகிறவன் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எத்தனை நுட்பமான பகுப்பு! பிறகு நிகண்டு நூலார் வந்தார்கள். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொற் பலபொருட் பெயர்கள்தான். மனப்பாடம் செய்ய எளிதாக எதுகை வரிசையில் அமைத்தார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை உருப்போட்டார்கள்.

ஆனால் ஒன்றை நான் மரியாதையோடு சொல்ல வேண்டும். நிகண்டு, ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று கூறும். அந்தப் பொருள்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா, வெவ்வேறு வீட்டுப் பிள்ளைகளா என்று கூறாது. அந்தக் கேள்வியை விரிவாக எடுத்துக்கொண்டவை பிற்கால அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதைத் திறந்தால் ஒரே சொல் இரண்டு முறை, மூன்று முறை, ஐந்து முறைகூடத் தனித்தனியாக நிற்கும். தலையில் ஒரு சிறு எண் இருக்கும். அந்தச் சிறு எண்ணை அச்சுக்குறி என்று எண்ணிக் கடந்து போகாதீர்கள். இது வேறு சொல், இதன் பிறப்பு வேறு என்று அது உங்களிடம் சொல்கிறது.

சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1961 வரை தேவநேயப் பாவாணர் பணியாற்றினார். ஒரு வேரிலிருந்து எத்தனை சொற்கள் கிளைத்தன என்று தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட மாமனிதர். அதே 1961இல் பரோ, எமனோ என்னும் இரண்டு அறிஞர்கள் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை வெளியிட்டார்கள். அவர்கள் திராவிட மொழிகளையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்த ஒலியுடைய வேர்களையும் பிரித்துப் பிரித்து எண்ணிட்டார்கள். பாவாணர் இணைத்துப் பார்த்தவர். இவர்கள் பிரித்துப் பார்த்தவர்கள். பாவாணரின் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் ஒரே எழுத்து என்ற ஒன்றே உறவுக்குச் சான்றாகாது என்ற இடத்தில் என் மனம் பிரித்துப் பார்த்தவர்கள் பக்கம்தான் சாய்கிறது. ஏன் சாய்கிறது என்பதற்கு ஒரு சொல்லை மட்டும் விரிவாகக் காட்டுகிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

ஆறு.

நம் மாவட்டத்தில் ஓடும் ஆறுகள் எத்தனை? தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, மணிமுத்தாறு, வெள்ளாறு, கொள்ளிடம். பெரியவற்றை எண்ணினால் ஆறு ஆறுகள்! எண்ணும் ஆறு, நீரும் ஆறு. சோறு ஆறிப்போயிற்று என்கிறோமே, அதுவும் ஆறு. செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன் என்கிறோமே, அதில் இருப்பதும் ஆறு. அங்கே வழி, முறை என்று பொருள். நான்கு பொருள், ஒரே வடிவம். இவை ஒரு சொல்லா, நான்கு சொற்களா?

முதல் சான்று நம் நாக்கிலேயே இருக்கிறது. ஆற்றில் மீன் பிடித்தேன் என்கிறோம். ஆறில் ஒரு பங்கு என்கிறோம். ஆறில் மீன் பிடித்தேன் என்று யாராவது சொல்வாரா? ஆற்றில் ஒரு பங்கு என்று கணக்கு வாத்தியார் சொல்வாரா? வேற்றுமை உருபு வந்து சேர்ந்ததும் நீர் ஆறு இரட்டிக்கிறது, எண் ஆறு இரட்டிக்காமல் நிற்கிறது. எழுத்து மறைத்ததை இலக்கணம் காட்டிக்கொடுத்துவிட்டது.

இரண்டாவது சான்று பழைய ஏடுகளில் இருக்கிறது. சங்க நூல்களில் நீர் ஓடும் ஆற்றின் பெயர் என்ன? யாறு! யகரத்தோடு யாறு. எண் ஆறு அப்போதும் ஆறுதான். வழி என்னும் ஆறும் ஆறுதான். பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை என்று வழிகாட்டும் நூல்கள் இருக்கின்றனவே, அவற்றை யாரேனும் யாற்றுப்படை என்று எழுதினார்களா? இல்லை. நீர் போகும் வழியே ஆறு, ஆகையால் நதிக்கு ஆறு என்று பெயர் வந்தது என்று மேடைதோறும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அழகான விளக்கம்தான். ஆனால் அந்தப் பழைய யகரம் நடுவே நின்று அதை மறுக்கிறது.

மூன்றாவது சான்று தெலுங்கு. தெலுங்கில் எண் ஆறு என்ன? 'ஆரு'. ஓடும் ஆறு என்ன? 'ஏரு'. தமிழில் யா என்று தொடங்கிய சொற்கள் தெலுங்கில் ஏ என்று தொடங்குகின்றன. நம் யானை அவர்களுக்கு 'ஏனுகு'. நம் யாறு அவர்களுக்கு 'ஏரு'. யானையும் யாறும் ஒரே வாய்பாட்டில் நிற்கின்றன; எண் அதில் சேரவில்லை. தமிழில் யகரம் உதிர்ந்ததால் வேறுபாடு மறைந்தது. தெலுங்கோ அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் சொல்லின் வரலாற்றை அறிய அண்டை மொழியின் வாசலில் போய் நிற்பதில் என்ன குறைவு? எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

கடலூரின் பழைய பெயர் கூடலூர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆறுகள் கூடும் இடம். எங்கெங்கோ பிறந்த நீர் முகத்துவாரத்தில் ஒன்றாகிக் கலப்பதுபோலத்தான் இந்தச் சொற்களும் ஒலி மாறி மாறி ஒரே வடிவில் வந்து கூடியிருக்கின்றன.

இதே முறையில் சிதம்பரத்துக்கு வாருங்கள். கூத்தபிரான் ஆடும் ஊர். கிழக்கு மேற்கு ராஜகோபுர வாயில்களில் நாட்டியக் கரணங்களைக் கல்லில் செதுக்கி வைத்த ஊர். ஆடு என்ற வினை அந்த ஊரின் உயிர். புல் மேயும் ஆடும் அதே எழுத்துத்தான். ஆனால் பழந்தமிழில் அந்த விலங்கு யாடு. நடனம் என்றைக்கும் யாடவில்லை! யாறு போலவே யாடும் தன் முதலெழுத்தை இழந்து, ஆடுகிற ஆட்டோடு உருவத்தில் ஒன்றாயிற்று.

அம்பலம் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னம்பலம், சிற்றம்பலம். "விஷயம் அம்பலமாகிவிட்டது" என்றும் பேசுகிறோம். இவை இரண்டு சொற்களா? அல்ல. அம்பலம் என்பது ஊரார் கூடும் பொதுவிடம். பொதுவுக்கு வந்தது அம்பலமாயிற்று. ஒரே சொல், இரண்டு பயன்பாடு. பிரிக்கக் கூடாத இடத்தில் பிரிப்பதும் பிழைதான். அம்பரம் அப்படி எளிதல்ல. ஆடைக்கும் அம்பரம், வானத்துக்கும் அம்பரம். ஆண்டாள் திருப்பாவையின் பதினேழாம் பாட்டில் முதலில் ஆடை என்ற பொருளிலும் பிறகு வானம் என்ற பொருளிலும் அச்சொல்லை ஒரே பாட்டுக்குள் வைத்துவிட்டார். சித் என்னும் அறிவும் அம்பரம் என்னும் வெளியும் சேர்ந்தது சிதம்பரம் என்பது வடமொழி வழி. சிறுமை அடைகொண்ட அம்பலம் சிற்றம்பலம் என்பது தமிழ் வழி. ஒலியால் அருகருகே நிற்கும் இந்த இரண்டு பெயரும் ஒரே சன்னிதியைக் குறிக்கின்றன. திரைக்குப் பின்னே வெளியையே வழிபடும் ஊர் அல்லவா! இதில் ஒன்றை வைத்து மற்றொன்றை விரட்ட வேண்டியதில்லை.

இனி உழைக்கும் மக்களின் வாய்மொழிக்கு வருகிறேன். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலையில் நின்றால், "இன்னிக்குப் பாடு எப்படி?" என்ற கேள்வி காதில் விழும். மீன்பாடு நன்றாக இருந்தால் முகங்கள் மலரும். அதே நேரத்தில் சிதம்பரம் சன்னிதியில் ஓதுவார் தேவாரம் பாடுகிறார். பாடு, பாடு! ஒன்று வலையில் படுவதால் வந்த பாடு. படு, பட்டது, பாடு என்பது அதன் குடும்பம். வலையில் மீன் படுவதும் அந்தப் பாடுதான். மீனவன் கடலில் படுகிற பாடும் அந்தப் பாடுதான். அவை ஒரு குடும்பம். பாட்டு, பாடினார், பாடல் என்று வரும் குடும்பம் வேறு. சொல் நமக்குப் புரியாதபோது அதன் உறவினரை விசாரியுங்கள். உறவினர் யார் என்று தெரிந்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

கடற்கரை நிலத்துக்குத் தமிழ் இலக்கணம் வைத்த பெயர் நெய்தல். உப்பங்கழியில் பூக்கும் மலரின் பெயர் அது. கடலூர்க் கரை முழுக்க நெய்தல் நிலம். அங்கிருந்து தென்மேற்கே குறிஞ்சிப்பாடிக்குப் போனால் கைலிகளை நெய்கிறார்கள். அங்கே நெய்தல் ஒரு தொழில். இன்னும் சற்று மேற்கே போனால் நெய்வேலி. பெயரில் நெய், நிலத்துக்கடியில் பழுப்பு நிலக்கரி. உருக்கிய நெய்யும் தறியில் நெய்யும் ஒன்றல்ல. நெய் என்ற பெயர்ச்சொல் நெய்யை, நெய்யில் என்று வேற்றுமை ஏற்கும். நெய் என்ற வினை நெய்தான், நெய்வாள் என்று காலம் காட்டும். ஒரு பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை நெய்!

பண்ருட்டியைத் தாண்டிப் போகாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. செம்மண் காட்டில் முந்திரி. முந்திரி என்பது முதலில் கொடிமுந்திரி, அதாவது திராட்சை. மலையாளத்தில் இன்றும் திராட்சைதான் முந்திரி. பிரேசில் நாட்டு மரத்தைப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தபின் அந்தப் பெயர் கொட்டைக்கு மாறியது. ஆனால் பழைய எண்சுவடியில் இன்னொரு முந்திரி இருக்கிறது. அது 1/320 என்னும் பின்னம். நான்கு முந்திரி ஒரு காணி, 1/80. பதினாறு முந்திரி ஒரு மா, 1/20. முந்நூற்று இருபதில் ஒரு பங்கை எழுதத் தனி எழுத்தே வைத்திருந்தார்கள். இன்று பண்ருட்டி மாணவனுக்கு முதல் முந்திரி தெரியும், இரண்டாவது முந்திரி தெரியாது. ஒரு சொல் மறைந்ததோடு ஒரு கணக்கு முறையே அல்லவா மறைந்துவிட்டது?

வெளிநாட்டுச் சரக்கைப் பற்றிப் பேசும்போது எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பரங்கிப்பேட்டையில் இருப்பதும், சாம்பாரில் போடும் பரங்கிக்காயில் இருப்பதும் ஒரே சொல். ஐரோப்பியர்களை அரபியரும் பாரசீகரும் அழைத்த பெயர் பறங்கி என்று நம்மிடம் வந்தது. அவர்கள் இறங்கிய துறை பரங்கிப்பேட்டை, அவர்கள் காலத்தில் வந்த காய் பரங்கிக்காய். ஆனால் மதுரைப் பக்கத்துத் திருப்பரங்குன்றத்தை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது சங்க காலத்துப் பரங்குன்றம். பறங்கியர் கப்பல் நம் கரையை எட்டுவதற்கு வெகு முன்பே முருகன் குடியிருந்த குன்று. நம் வீட்டு மல்லாட்டையும் இப்படித்தான். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயர் நம் விருத்தாசலத்துக் கொல்லையில் விளைகிறது! அங்கே ஊரும் பயிரும் உறவுள்ளவை.

ஆகவே, எழுத்து ஒத்தால் உறவு என்றும் சொல்ல முடியாது. பொருள் வேறானால் உறவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும். பழைய வடிவம் என்ன, உருபு ஏற்றால் எப்படி மாறுகிறது, அண்டை மொழியில் என்ன, எந்த நூற்றாண்டில் முதலில் எழுதப்பட்டது என்று கேட்க வேண்டும். கைப்பேசியில் நாளும் பத்துச் சொல்லாராய்ச்சி வருகிறது. ஒலி ஒத்திருக்கிறது என்ற ஒரே காரணத்தால் உலகச் சொற்களையெல்லாம் தமிழாக்கிவிடுகிறார்கள். தமிழின் மீதுள்ள அன்பினால்தான் செய்கிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் சான்றில்லாத பெருமை தமிழுக்கு வேண்டியதில்லை. சான்றுள்ள பெருமையே நம்மிடம் மலைபோல் குவிந்து கிடக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பலபொருள் ஒரு மொழியை இரண்டு மதிப்பெண் வினாவாக மட்டும் நடத்தாதீர்கள். மாணவர்களைக் கிள்ளைக்கும் பிச்சாவரத்துக்கும் அனுப்புங்கள். மீனவர் வாயில் வழங்கும் சொற்களை எழுதி வரட்டும். குறிஞ்சிப்பாடித் தறிகளின் அருகே உட்காரட்டும். பண்ருட்டி முந்திரித் தோப்பில் கொட்டை உடைக்கும் பெண்களிடம் கேட்கட்டும். ஒவ்வொரு சொல்லையும் யார் சொன்னார், எந்த வாக்கியத்தில் சொன்னார், உருபு சேர்த்து எப்படிச் சொன்னார் என்று ஒரு நோட்டில் பதியட்டும். பிறகு லெக்சிகனைத் திறந்து அந்தச் சிறு எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அகராதியில் இல்லாத சொல் கிடைத்தால், அது இல்லை என்று விட்டுவிடாமல், பல்கலைக்கழக மொழியியல் துறைக்கு எழுதி அனுப்பட்டும். சொல்லை அறிந்த முதியவர்கள் இன்று நம்மோடு இருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே அந்த வேலையைத் தொடங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.